400 லிட்டர் உப்புநீர்த் தொட்டிக்கு எந்த அளவு புரோட்டீன் ஸ்கிம்மர் பொருந்தும்?

தாம்பரம் கடல்தொட்டி:

அனைவருக்கும் வணக்கம். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை உப்புநீர்த் தொட்டியாக அமைத்து வருகிறேன். கண்ணாடியின் தடிமன் 12 மி.மீ. தொட்டிக்குக் கீழுள்ள அலமாரியில் 30 அங்குல நீளம், 14 அங்குல அகலம், 16 அங்குல உயரத்தில் சம்ப் (தொட்டி நீர் வடிந்து சேரும் துணைத்தொட்டி) இருக்கிறது. அதில், நீரில் கரைந்த கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மருக்கென்று 12 அங்குல நீளத்தில் ஓர் அறையைத் தடுத்திருக்கிறேன். தடுப்புக் கண்ணாடியின் காரணமாக அந்த அறையில் நீர்மட்டம் எப்போதும் 9 அங்குலத்தில் நிற்கும். அலமாரியின் உள்உயரம் 30 அங்குலம். தொட்டியில் 30 கிலோ பாறையும் 20 கிலோ மணலும் இருக்கின்றன.

பவளம் வைக்கப்போவதில்லை. கடினப் பவளங்கள் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அந்த எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டேன். ஒரு ஜோடி க்ளௌன், நான்கைந்து டாம்செல், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், ஒரு கோரல் பியூட்டி ஆகிய மீன்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க நினைக்கிறேன். ஓராண்டு கழித்து ஒரு லயன்ஃபிஷ் வைக்கும் ஆசையும் உண்டு.

இப்போது என் முன்னால் மூன்று ஸ்கிம்மர்கள் இருக்கின்றன. முதலாவதன் பெட்டியில் குறைந்த கழிவுச் சுமைக்கு 750 லிட்டர், நடுத்தரச் சுமைக்கு 500 லிட்டர், மிகுந்த சுமைக்கு 300 லிட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. உடல் விட்டம் 6 அங்குலம், கழுத்து 4 அங்குலம், உயரம் 20 அங்குலம், ஏ.சி. பம்ப். இரண்டாவதற்கு அதே வரிசையில் 1500, 1000, 600 லிட்டர். உடல் 8 அங்குலம், கழுத்து 6 அங்குலம், உயரம் 24 அங்குலம், டி.சி. பம்ப். மூன்றாவது, நியூஜெர்சியில் இருக்கும் என் மைத்துனர் தாம் பயன்படுத்தியதைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்வது. அதில் “250 கேலன் வரை” என்று மட்டுமே எழுதியிருக்கிறதாம்.

மீன் கடையில் விசாரித்தபோது தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்குக்கு வாங்குவதே பாதுகாப்பு என்றார்கள். அந்தக் கணக்குப்படி இரண்டாவதுதான் சரி. ஆனால் விலை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இரண்டு மடங்கு என்னும் விதிக்கு ஏதேனும் அடிப்படை இருக்கிறதா? உங்கள் தொட்டிகளுக்கு எதைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுத்தீர்கள்?


அலைவாய்:

வணக்கம் நண்பரே. அளவுகளை இவ்வளவு துல்லியமாகக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்பவர்கள் குறைவு. அதனால் பொதுவாகப் பேசாமல் உங்கள் தொட்டியை வைத்தே கணக்கிட முடிகிறது.

முதலில் உண்மையான நீரளவைப் பார்ப்போம். 4 × 2 × 2 அடி என்றால் 16 கன அடி, அதாவது 453 லிட்டர் என்றுதான் கடையில் சொல்வார்கள். கண்ணாடியின் தடிமனைக் கழித்தால் உள்நீளம் 119.5 செ.மீ., உள்அகலம் 58.6 செ.மீ. ஆகிறது. மேலே ஐந்தாறு செ.மீ. இடைவெளி விட்டு 54 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் 378 லிட்டர். சம்பில் சராசரியாக 20 செ.மீ. உயரம் என்று கொண்டால் இன்னும் 51 லிட்டர் சேரும். பாறையும் மணலும் பிடிக்கும் இடத்தைப் பலர் மிகைப்படுத்துகிறார்கள். பாறையின் துளைகளுக்குள்ளும் மணலின் இடுக்குகளிலும் நிற்பதும் நீர்தான் என்பதால், திடப்பொருள் உண்மையில் அடைக்கும் இடத்தை மட்டும் கழித்தால் போதும். 50 கிலோ கால்சியம் கார்பனேட்டுக்கு அது 18 லிட்டர் அளவில்தான் வரும். ஆக, உங்கள் நீரளவு ஏறத்தாழ 410 லிட்டர். கேலனில் சொன்னால் 108.

ஆனால் இந்த 410 என்னும் எண்ணை வைத்து ஸ்கிம்மரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஸ்கிம்மர் நீரைக் கையாளவில்லை. நீரில் கரைந்து கிடக்கும் ஒரு குறிப்பிட்ட வகைக் கழிவைக் கையாளுகிறது. புரதம், கொழுப்பமிலம் போன்ற மூலக்கூறுகளில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விலக்கும். காற்றுக்குமிழி கிடைத்தவுடன் நீரை விலக்கும் முனை காற்றின் பக்கமும் மற்றது நீரின் பக்கமுமாக அவை குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய படலம்தான் குமிழியை உடையவிடாமல் காத்து, நுரையாக ஸ்கிம்மரின் கழுத்துவழியே ஏற்றி மேலுள்ள கோப்பையில் கொட்டுகிறது. மழைக்காலத்தில் ஆறுகள் கழிவைக் கொண்டுவந்து கடலில் சேர்க்கும்போது கரையில் நுரை ஒதுங்குவதும் இதே இயக்கம்தான். 2019 இறுதியில் மெரினாவில் திரண்ட நுரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீரில் அந்தப் பொருள் போதிய அளவு இருந்தால்தான் நுரை நிற்கும் என்பதை மட்டும் இங்கே மனத்தில் கொள்ளுங்கள்.

இதிலிருந்துதான் கழுத்தின் விட்டம் முக்கியமாகிறது. 6 அங்குலக் கழுத்தின் குறுக்குப்பரப்பு 4 அங்குலக் கழுத்தைவிட 2.25 மடங்கு. உங்கள் தொட்டியில் ஒருநாளில் உண்டாகும் கரிமக் கழிவு எந்த ஸ்கிம்மரை வைத்தாலும் ஒன்றேதான். அதே கழிவு இரண்டேகால் மடங்கு பரப்பில் விரிந்து நுரையைத் தாங்க வேண்டியிருக்கும்போது, நுரை கழுத்தின் பாதிவரை ஏறி, அங்கேயே உடைந்து, சேர்த்த கழிவை மீண்டும் நீரிலேயே கரைத்துவிடுகிறது. பெரிய ஸ்கிம்மரைச் சிறிய சுமையில் வைத்தவர்கள் “இரண்டு நாள் எதுவும் எடுக்கவில்லை, மூன்றாம் நாள் திடீரென்று பொங்கிக் கோப்பை நிறைந்தது” என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கழிவு நீரில் தேங்கித் தேங்கி ஓர் அளவை எட்டிய பிறகே அந்தக் கழுத்தில் நுரை நிலைக்கிறது. மாறாக, சுமைக்கு மிகச் சிறிய ஸ்கிம்மர் ஓயாமல் ஈரநுரையைக் கொட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு சரிசெய்தாலும் கோப்பையில் வெளிறிய நீர்தான் சேரும்.

சுமையை எப்படி அளப்பது? மீன்களின் எண்ணிக்கையால் அல்ல, நீங்கள் நாள்தோறும் தொட்டிக்குள் போடும் உணவால். உள்ளே போகும் உணவைத் தவிர வெளியே வருவதற்கு வேறு மூலம் இல்லை. அதை எடைபோடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: உறைந்த இறாலில் பெரும்பகுதி நீர், பெல்லட் எனும் உலர் குருணை உணவில் ஏறத்தாழ முழுவதும் உலர்பொருள். ஒரு கிராம் பெல்லட், பல கிராம் உறைந்த உணவுக்குச் சமமான சுமையைத் தரும். நீங்கள் பட்டியலிட்ட மீன்களுக்கு, ஒருநாளைக்கு இரண்டு வேளை அளவாக உணவிட்டால், அது நடுத்தரச் சுமை. முதலாவது ஸ்கிம்மரின் பெட்டியில் நடுத்தரச் சுமைக்கு 500 என்று இருக்கிறது, உங்களுடையது 410. அது பொருந்துகிறது. பெட்டியில் ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் குறைந்த சுமைக்கான எண்ணாகவே இருக்கும். கடைக்காரர்கள் சொல்லும் இரண்டு மடங்கு விதி அப்படிப்பட்ட பெட்டிகளைப் பார்த்துப் பிறந்தது. மூன்று எண்களையும் தனித்தனியே தரும் பெட்டிக்கு அதை மேலும் ஒருமுறை பெருக்குவது தேவையற்றது.

ஸ்கிம்மரின் வரம்பையும் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மனும் அவர் குழுவினரும் 2009, 2010 ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைகளில், நீரிலிருந்த மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 35 விழுக்காடு அளவுக்குத்தான் ஸ்கிம்மர்களால் பிரித்தெடுக்க முடிந்தது. மீதி குமிழியில் ஒட்டாத வகை. அதைப் பெரிய ஸ்கிம்மராலும் எடுக்க முடியாது. கரைந்துவிட்ட நைட்ரேட்டையும் ஸ்கிம்மர் தொடாது. நைட்ரேட்டாக மாறக்கூடியதில் ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்துவிடுகிறது, அவ்வளவே. ஆகவே இரண்டாவது ஸ்கிம்மருக்குச் செலவிடும் கூடுதல் தொகையை நல்ல உப்புக்கும் ஆர்.ஓ. நீருக்கும் ஒதுக்கி ஒழுங்காக நீர் மாற்றினால், தொட்டிக்கு அதனால் வரும் பயன் கூடுதல் என்று உறுதியாகச் சொல்வேன்.


தெம்பனிஸ் ரீஃப்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அலைவாய் அண்ணா சொன்னவற்றோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். மூன்றாவது ஸ்கிம்மரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் இங்கே சிங்கப்பூரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டேஜை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைத்துவிடலாம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. ஸ்கிம்மர்களில் வரும் ஏ.சி. பம்புகள் ஏறத்தாழ எல்லாமே மின்சாரத்தின் அலைவரிசையோடு சேர்ந்து சுழலும் சின்க்ரனஸ் மோட்டார்கள். 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3600 முறை சுழல்வது 50 ஹெர்ட்ஸில் 3000 முறைதான் சுழலும். காற்றை உள்ளிழுக்கும் ஆற்றல் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும்போது காற்று இழுப்பு அதைவிடக் கூடுதலாகவே குறைகிறது. “250 கேலன்” என்று எழுதியிருப்பது அங்கே கிடைக்கும் காற்றளவுக்கு. உங்கள் வீட்டில் அது வேறொரு ஸ்கிம்மர். போதாததற்கு, 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றப்பட்ட சுருள் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். பம்ப் நீருக்குள் இருப்பதால் அந்தச் சூடு தொட்டி நீரில்தான் சேரும். சென்னையின் மே மாதத்தில் அதை நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

உங்கள் மைத்துனரிடம் பம்பின் மேலுள்ள சிறு எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டி.சி. பம்பாக இருந்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டராக இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். ஏ.சி. பம்பாக இருந்தால், அந்த நிறுவனம் 50 ஹெர்ட்ஸுக்கான இம்பெல்லரையோ (பம்பின் சுழலும் சக்கரம்) முழுப் பம்பையோ தனியே விற்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். வளைகுடாவிலிருந்து கொண்டுவர எண்ணும் மற்றவர்களுக்கும் ஒரு குறிப்பு: துபாய், ஓமான், கத்தார், குவைத் எல்லாம் 50 ஹெர்ட்ஸ், சவூதி அரேபியா மட்டும் 60 ஹெர்ட்ஸ். சவூதியில் 220 வோல்ட் கருவிகளும் கிடைப்பதால், வோல்ட்டேஜை மட்டும் பார்த்து வாங்குபவர்களுக்கு அங்கே குழப்பம் நேர வாய்ப்புண்டு.


பாம்பன் நீரோட்டம்:

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. நண்பர் லயன்ஃபிஷ் வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். லயன்ஃபிஷ் சிறிய மீனை உண்டு வாழ்வது. அதன் வாய்க்குள் அடங்கக்கூடிய க்ளௌனும் டாம்செல்லும் அதன்பின் தொட்டியில் நிலைக்கப்போவதில்லை. அப்போது அவர் பட்டியலை மாற்றிப் பெரிய மீன்களாக வைப்பார். இறால் துண்டும் மீன் துண்டும் போடத் தொடங்குவார். கழிவு பலமடங்கு கூடும். அந்த நாளில் இன்னொரு ஸ்கிம்மரை வாங்குவதைவிட, இன்றே பெரியதை வாங்கி, டி.சி. கன்ட்ரோலரில் வேகத்தைக் குறைத்து ஓட்டிவிட்டு, பிறகு கூட்டிக்கொள்வது சிக்கனம் அல்லவா? டி.சி. பம்பின் பயனே அதுதான் என்று நினைக்கிறேன்.


அலைவாய்:

பாம்பன் நண்பருக்கு: லயன்ஃபிஷ் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி, அதை நான் விட்டிருக்கக் கூடாது. ஆனால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவது பற்றி நான் வேறுபடுகிறேன்.

கன்ட்ரோலரில் வேகத்தைக் குறைத்தால் குறைவது காற்றும் நீரோட்டமும் மட்டும். கழுத்தின் விட்டம் 6 அங்குலமாகவே இருக்கிறது. குறைந்த காற்று அகன்ற கழுத்தில் ஏறும்போது நுரை மேலே செல்லும் வேகம் இன்னும் தணிந்து, கோப்பையை எட்டுவதற்குள் வடிந்து உடைந்துவிடுகிறது. ஊசிச்சக்கர இம்பெல்லர் குமிழியைச் சிதைப்பதும் வேகத்தால்தான். வேகம் குறைந்தால் குமிழிகளும் பெரிதாகி, அதே காற்றளவுக்குக் கிடைக்கும் மொத்தப் பரப்பு சுருங்குகிறது. ஓரளவுக்கு, அதாவது முழு வேகத்தில் நான்கில் ஒரு பங்கு குறைப்பது வரை, டி.சி. பம்ப் கைகொடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 600 லிட்டர் மிகுசுமைக்கு வடிவமைத்த உடலை 410 லிட்டர் நடுத்தரச் சுமைக்கு இறக்க அது போதாது.

இரண்டு பெரிய மீன்களும் ஒரு லயன்ஃபிஷும் வந்தாலும் கணக்கு எப்படி நிற்கிறது என்று பாருங்கள். முதலாவது ஸ்கிம்மருக்கு நடுத்தரச் சுமையில் 500, மிகுந்த சுமையில் 300. இரண்டுக்கும் நடுவில் 400 அளவில்தான் உங்கள் தொட்டி வந்து நிற்கிறது. லயன்ஃபிஷுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை உணவிட்டால் போதும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஸ்கிம்மர் தன் எல்லைக்குள்ளேயே இருக்கும். கிளாத்தி மீனோ பஃபர் மீனோ கூட்டமாக வைக்கத் திட்டமிட்டிருந்தால் மட்டும் நான் இரண்டாவதைப் பரிந்துரைத்திருப்பேன். ஆனால் அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நான்கடித் தொட்டியே போதாது.


கோவை உப்புநீர்:

வணக்கம். அளவைப் பற்றிப் பேசும்போது ஸ்கிம்மரின் கொள்திறனை மட்டும் பார்த்துவிட்டு, அது நிற்கப்போகும் இடத்தை மறந்துவிடுகிறோம். உங்கள் எண்களை எடுத்துப் பார்த்தேன். சம்புக்குள் நிற்கும் ஸ்கிம்மர்கள் பெரும்பாலும் 6 முதல் 8 அங்குல நீர்மட்டத்துக்காக வடிவமைக்கப்படுபவை. உங்கள் அறையில் 9 அங்குலம் நிற்பதால், எதை வாங்கினாலும் அடியில் ஓரிரு அங்குல உயரத்துக்கு ஒரு பீடம் வைக்க வேண்டியிருக்கும். அக்ரிலிக் துண்டுகளையோ பி.வி.சி. குழாய்த் துண்டுகளையோ கொண்டு அதைச் செய்துகொள்ளலாம். கோப்பையைக் கழற்ற அதை ஏறத்தாழ 6 அங்குலம் மேலே தூக்க வேண்டும். முதலாவது ஸ்கிம்மருக்கு 20 அங்குலம், பீடம் 2, தூக்க 6 என்று 28 அங்குலம். 30 அங்குல அலமாரியில் அடங்குகிறது. இரண்டாவதற்கு 24, 2, 6 என்று 32 அங்குலம் ஆகிறது. கோப்பையைக் கழற்றுவதற்கு ஸ்கிம்மரையே நகர்த்த வேண்டியிருக்கும். கோப்பையைக் கழற்றுவது கடினமாக இருந்தால் நாளடைவில் கழுவுவதைத் தள்ளிப்போடுவோம். கழுத்தின் உட்சுவரில் பசை படிந்தால் நுரை ஏறுவது நின்றுவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுத்தைத் துடைக்கும் நடுத்தர ஸ்கிம்மர், மாதம் ஒருமுறை கழுவப்படும் பெரிய ஸ்கிம்மரைவிட நன்றாக வேலைசெய்யும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய மின்வெட்டு. சம்பிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றவுடன் மேல்தொட்டியில் வடிகால் மட்டத்துக்கு மேலிருக்கும் நீரும் குழாய்களில் உள்ளதும் சம்பில் இறங்கும். அப்போது ஸ்கிம்மர் அறையின் மட்டம் 9 அங்குலத்தில் நிற்காது. ஸ்கிம்மரை மட்டும் இன்வெர்ட்டரில் கோத்துவிட்டு ரிட்டர்ன் பம்பை விட்டுவிட்டால், உயர்ந்த மட்டத்தில் ஸ்கிம்மர் பொங்கி, கோப்பையில் சேர்ந்திருந்த கழிவு முழுவதையும் சம்பிலேயே கொட்டிவிடும். இரண்டையும் சேர்த்தே இன்வெர்ட்டரில் வையுங்கள், அல்லது இரண்டையுமே வைக்காமல் மேல்தொட்டிக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை வையுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் ஆக்சிஜனைத் தாங்கும். மின்வெட்டு நேரத்தில் மீனுக்குத் தேவைப்படுவது அதுதான், கழிவு நீக்கம் சில மணி நேரம் காத்திருக்கலாம். ஏ.சி. பம்பை இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் அந்த மோட்டார்கள் இரைந்து சூடேறுகின்றன.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 6 அங்குல உடலுள்ள ஸ்கிம்மர் மணிக்கு 600 லிட்டர் காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒருநாளைக்கு 14,400 லிட்டர் வீட்டுக்காற்று உங்கள் தொட்டி நீரின் வழியாகப் போகிறது. கொசுவத்திப் புகையும், கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் ஸ்ப்ரேயும் அந்த வழியாகவே நீரில் சேரும். அவற்றிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறால் இனங்களுக்கும் கடும் நஞ்சு. அடுக்களையை ஒட்டிய வரவேற்பறையாக இருந்தால் தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து நுரையை உடைக்கும். காற்றுக்குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். குளிர்சாதனம் ஓடும் மூடிய அறையில் கரியமில வாயு கூடி பி.எச். இறங்குவதையும் அதே குழாய் ஓரளவு தடுக்கும். குழாய் மிக நீளமாகவோ மிகக் குறுகலாகவோ இருந்தால் காற்றளவு குறையும் என்பதால், ஸ்கிம்மரோடு வந்ததைவிடச் சற்றே அகலமான குழாயைப் பயன்படுத்துங்கள்.


தாம்பரம் கடல்தொட்டி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அலமாரியின் உயரக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். கோவை நண்பர் சொன்னதுபோல் இரண்டாவது ஸ்கிம்மர் அங்கே அடங்காது. மைத்துனரிடம் பேசினேன். அவருடையதில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றே அச்சிட்டிருக்கிறது. அதனால் அதை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். முதலாவதையே வாங்க முடிவுசெய்திருக்கிறேன். லயன்ஃபிஷ் ஆசையை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறேன். க்ளௌன்களை இழக்க மனமில்லை.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. வாங்கிப் பொருத்திய பிறகு, நான் தேர்ந்தெடுத்த அளவு சரியானதுதான் என்பதை எவற்றைப் பார்த்து உறுதிசெய்வது? எவ்வளவு காலம் பொறுத்திருக்க வேண்டும்?


அலைவாய்:

நல்ல முடிவு. பொருத்துவதற்கு முன் பாகங்களைக் கழற்றி, வினிகர் கலந்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் கழுவுங்கள். வார்ப்பு எண்ணெயும் கைப்பசையும் இருக்கும்வரை நுரை நிற்காது. அப்படியும் முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஸ்கிம்மர் தன்போக்கில்தான் நடந்துகொள்ளும். தொட்டியில் மீன் இல்லாத நாள்களில் கோப்பை காலியாகவே இருந்தால் அதுவும் இயல்பே. எடுப்பதற்கு உள்ளே எதுவும் இல்லை. அந்த நாள்களில் அளவைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பாறையை ஒட்டும் எபாக்ஸி, குளோரின் நீக்கி, சிலவகை மருந்துகள் ஆகியவற்றைப் போட்டாலும் ஸ்கிம்மர் கட்டுக்கடங்காமல் பொங்கும்; அப்போது கோப்பையின் வடிகாலைத் திறந்து விடலாம், அல்லது ஓரிரு நாள் நிறுத்திவைக்கலாம்.

மீன்கள் வந்து உணவிடுவது ஒரு நிலைக்கு வந்தபின், வால்வை மெல்லத் திருகி, நீரும் நுரையும் பிரியும் கோடு கழுத்தின் அடிப்பகுதியில் நிற்கும்படி வையுங்கள். ஒருமுறை திருகியபின் மறுநாள்வரை தொடாதீர்கள்; ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஸ்கிம்மர் நிலைகொள்ள நேரம் எடுக்கும். உணவிட்ட சில மணி நேரத்துக்கு நுரை தாழ்ந்து மீண்டும் ஏறினால் அது உணவின் எண்ணெயால் வருவது, குறையன்று. அளவு சரியாக இருந்தால் கோடு நாளுக்கு நாள் அதே இடத்தில் நிற்கும், கோப்பையில் கடுந்தேநீர் நிறத்தில் நாற்றமுள்ள நீர் ஏறத்தாழ ஒரே அளவாகச் சேரும். கழுத்தைத் துடைத்து, காற்றுவழியையும் சுத்தமாக வைத்தபின்னும் சில நாள் வறண்டு ஒருநாள் பொங்குவது தொடர்ந்தால் ஸ்கிம்மர் சுமைக்குப் பெரியது. எவ்வளவு தாழ்த்தினாலும் வெளிறிய நீரே வந்து, நைட்ரேட் வாரந்தோறும் ஏறிக்கொண்டே போனால், முதலில் உணவைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால்தான் ஸ்கிம்மரைச் சிறியது என்று சொல்லலாம்.

காற்றளவைக் காட்டும் சிறிய ரோட்டாமீட்டர் ஒன்றை வாங்கிக் காற்றுக்குழாயில் கோத்து, புதிதாக இருக்கும்போதே அது காட்டும் எண்ணைக் குறித்துவையுங்கள். மணிக்கு 600 லிட்டர் என்றால் அது நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று காட்டும். எண் இறங்கத் தொடங்கினால் காற்றுத்துளையில் உப்புப் படிந்திருக்கிறது என்று பொருள். பம்பை நிறுத்திவிட்டு வெதுவெதுப்பான நன்னீரைக் குழாய்வழியே ஊற்றினால் அது கரைந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் பம்பைக் கழற்றி இம்பெல்லரை வினிகரில் ஊறவைத்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள்.